தலைக்காயமும் மூளையின் நிலையை அறிதலும்

மனித உடலின் உறுப்புகளுள் மூளைக்கு அமைந்துள்ள காவல் வேறெதற்கும் இல்லை எனலாம். வெளியே கடினமான கபாலம்; அதனுள் மூன்று உறைகள்; உள்ளுறைகள் இரண்டிற்கும் இடையே மூளையை மிதக்கவைக்கும் தெளிந்த நீர். ஆயினும் தலையில் பலத்த அடிபட்டவருக்கு இக்காவலே பகையாகிவிடுவதுண்டு. அதன் காரணத்தை அறிந்த நர்ஸுக்கே, நோயாளியின் படுக்கையருகில் காணும் சிறு மாறுதல்களின் பொருள் விளங்கும்.

முதிர்ந்தோரின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் இது சுமார் ஐம்பதில் ஒரு பங்கே. எனினும் உடல் ஓய்வாக இருக்கையில் செலவாகும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்ளுகிறது. இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் நின்றாலும் மூளைத் திசுக்கள் மடியத் தொடங்கும்.

கபாலத்தினுள் இருப்பவை மூன்று: மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர். இவற்றுள் மூளை ஏறக்குறைய எண்பது சதவிகித இடத்தை அடைத்துள்ளது. எஞ்சியதை மற்றவை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளுகின்றன. எலும்பு விரிந்து கொடாது. ஆதலின் இம்மூன்றனுள் ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டினரான அலெக்ஸாண்டர் மன்றோ 1783-ஆம் ஆண்டிலும், ஜார்ஜ் கெல்லி 1824-ஆம் ஆண்டிலும் எடுத்துரைத்த கருத்துகளிலிருந்து இவ்விதி உருவாயிற்று. உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைகளுக்கு மட்டும் இது முழுமையாகப் பொருந்தாது.

பொட்டெலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி மூளையுறைக்குரிய தமனியொன்று செல்கின்றது. எலும்பில் விரிசல் விழுந்து இத்தமனி கிழியுமாயின், எலும்புக்கும் வெளியுறைக்கும் இடையே இரத்தம் தேங்கும். முதலில் மூளைத் தண்டுவட நீரும் சிரை இரத்தமும் ஓரளவு வெளியேறி அதற்கு இடம் தருகின்றன. எனவே, அடிபட்டுச் சிறிது நேரம் நினைவிழந்தவர் தெளிந்தெழுந்து, உற்றாருடன் பேசி, தமக்கொன்றுமில்லை என்று சொல்லவும் கூடும். இத்தெளிவு சில நிமிடங்களோ பல மணிகளோ நீடிக்கலாம். விட்டுக்கொடுக்கும் இடம் தீர்ந்தவுடன் கபாலத்தினுள் அழுத்தம் விரைந்து ஏறுகின்றது. முதலில் தலைவலியும் வாந்தியும் தோன்றும். பின்னர் உறக்கம்போன்ற மயக்கம் கவியும். 'களைத்து உறங்குகிறார், எழுப்பவேண்டாம்' என்று வீட்டார் கூறும் வேளை இதுவே. அவ்வேளையில் எழுப்பிப் பார்ப்பதே நர்ஸின் கடமை. உரிய காலத்தில் இரத்தக்கட்டை அகற்றினால் இந்நோயாளர் பெரும்பாலோர் முற்றும் நலமடைவர் என்பதால், இத்தாமதம் மிகவும் வருந்தத்தக்கது.

விழிப்புணர்வு எங்கிருந்து எழுகின்றது என்பதையும் இங்கு அறிதல் வேண்டும். பெருமூளையின் புறணி சிந்தனைக்கும் பேச்சுக்கும் உரியது; ஆனால் அதனை விழித்திருக்கச் செய்வது மூளைத்தண்டிலுள்ள வலைப்பின்னல் போன்ற நரம்புத் தொகுதியாகும். மொருஸ்ஸி, மகூன் என்னும் இருவர் இதனை 1949-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே நினைவு மங்குதல், புறணி முழுதும் தளர்ந்ததையோ மூளைத்தண்டு நசுங்கத் தொடங்கியதையோ காட்டுவதாகும்.

இதனை அளப்பது எங்ஙனம்? முன்னர் 'அரைமயக்கம்', 'ஆழ்மயக்கம்' முதலிய சொற்களே வழங்கின. பகல் நர்ஸ் அரைமயக்கம் என்றெழுதியதை இரவு நர்ஸ் வேறுவிதமாகப் பொருள்கொள்வார். இக்குழப்பத்தை நீக்க, கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகிய இருவரும் 1974-ஆம் ஆண்டில் ஓர் அளவையை வெளியிட்டனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் இயக்கத்திற்கு 6 என உயர்ந்த மதிப்புகள் வகுக்கப்பட்டன; ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த மதிப்பு 1. ஆகவே மொத்தம் 3-க்குக் கீழும் 15-க்கு மேலும் செல்லாது. 8 அல்லது அதற்குக் குறைவாயின் காயம் கடுமையானதெனக் கருதப்படும்.

இவற்றுள் இயக்கமே மிகவும் நம்பத்தக்கது. சொன்னபடி கையை உயர்த்தினால் 6. சொல்லுக்கு இணங்காதவரின் தோள் தசையைக் கிள்ளி அழுத்தும்போது, அவர் கையைக் கழுத்தெலும்புக்கு மேலே கொண்டுவந்து தடுக்க முயன்றால் 5. கையை வெடுக்கென மடக்கி விலக்கிக்கொண்டால் 4. மெதுவாக, மார்பின் குறுக்கே இயல்பற்ற முறையில் மடக்கினால் 3. முழங்கையை விறைத்து நீட்டினால் 2. அசைவே இல்லையெனில் 1. மார்பெலும்பை முட்டியால் தேய்க்கும் பழக்கம் இன்றும் சிலவிடங்களில் காணப்படுகின்றது. அது தோலைப் புண்ணாக்குவதன்றி வேறு பயன் தருவதில்லை.

பேச்சை மதிப்பிடுவதில் இந்திய மருத்துவமனைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. தன் பெயர், இருக்குமிடம், மாதம் ஆகியவற்றைச் சரியாகக் கூறுபவருக்கு 5. குழம்பிய வாக்கியங்களுக்கு 4. தொடர்பற்ற சொற்களுக்கு 3. வெறும் ஒலிக்கு 2. ஆனால் பீகாரிலிருந்து தெற்கே கட்டட வேலைக்கு வந்து சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளி, போஜ்புரியில் தெளிவாக விடை கூறினும், அம்மொழி அறியாத நர்ஸுக்கு அது குழப்பமாகவே தோன்றும். உடன் வந்த தோழர் ஒருவரை அருகில் நிறுத்திக் கேட்டறிதல் இன்றியமையாதது. எம்மொழியில் வினவப்பட்டது என்பதையும் ஏட்டில் குறித்தல் நன்று. மேலும், பேச்சுக்குரிய பகுதி பெரும்பாலோர்க்கு இடப்பக்கப் பெருமூளையில் உள்ளதென்பதை பால் புரோக்கா 1861-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து காட்டினார். அப்பகுதி சிதைந்தவர் நன்கு விழித்திருந்தும் பேச இயலாதிருப்பர். இக்காரணங்களால் 9 என்று மொத்தத்தை மட்டும் எழுதுவது போதாது. கண் 4, பேச்சு 1, இயக்கம் 4 என்பதும், கண் 2, பேச்சு 2, இயக்கம் 5 என்பதும் கூட்டினால் 9 தான். இருவரின் நிலையும் ஒன்றன்று.

அடுத்துக் கண்பாவைகள். கண்ணை இயக்கும் மூன்றாம் கபால நரம்பு நடுமூளையிலிருந்து புறப்பட்டு, பொட்டுப்பகுதி மூளையின் உள்விளிம்பிற்கு அணித்தே செல்கின்றது. பாவையைச் சுருக்கும் இழைகள் அந்நரம்பின் மேற்பரப்பில் உள்ளன. தேங்கிய இரத்தம் மூளையைத் தள்ளும்போது அவ்விளிம்பு நரம்பின்மீது அழுந்த, அவ்விழைகளே முதலில் செயலிழக்கின்றன. எனவே பெரும்பாலும் இரத்தம் தேங்கிய அதே பக்கத்துப் பாவை விரிந்து, டார்ச் ஒளிக்குச் சுருங்காது நிற்கும். கை கால் தளர்ச்சியோ பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் தோன்றும். இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறிச் செல்வதே காரணம். முன்னமே கண் அறுவை செய்துகொண்டவர்க்கும், கண்ணிலேயே அடிபட்டவர்க்கும் பாவைகள் வேறுபட்டிருக்கலாம் என்பதால், முதல் பரிசோதனையிலேயே இரு பாவைகளின் அளவையும் மில்லிமீட்டரில் எழுதிவைத்தல் வேண்டும்.

இரத்த அழுத்தம் ஏறி, நாடி மெதுவாகி, மூச்சு சீர்குலைதல் ஹார்வி குஷிங் விளக்கிய குறியாகும். பாடநூல்களில் இதற்குப் பேரிடம் தரப்பட்டுள்ளதால் மாணவிகள் இதனையே எதிர்பார்த்திருக்கின்றனர். இது மூளைத்தண்டு நெருக்குண்ட பின் தோன்றும் காலங்கடந்த குறி. இதற்காகக் காத்திருத்தல் கூடாது. மதுவாடை வீசுவதனால் மயக்கத்தை மதுவின்மேல் ஏற்றிவிடுதலும் அவ்வாறே தவறாகும். மது அருந்தியவர்க்கும் மண்டை உடையும். இரத்தச் சர்க்கரையை மட்டும் உடனே பார்த்துவிடுதல் நலம், அது குறைந்தாலும் நினைவு தவறுமாதலின்.

பிரிட்டனில் கைக்கொள்ளப்படும் வழிகாட்டலின்படி, மதிப்பு 15 ஆகும் வரை அரைமணிக்கொருமுறை பார்க்கவேண்டும். அதன்பின் இரண்டு மணி நேரம் அரைமணிக்கொருமுறையும், அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கொருமுறையும், பின்னர் இரண்டு மணிக்கொருமுறையும் பார்த்தல் முறை. மதிப்பு ஒன்று குறைந்து அரைமணி நேரம் அவ்வாறே நின்றாலும், இயக்கத்தில் இரண்டு குறைந்தாலும் டாக்டரை உடனே அழைத்தாக வேண்டும்.

ஸி.டி. கருவி 1971-ஆம் ஆண்டில் லண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்படுத்தப்பட்டது. அதன்பின் கபாலத்தினுள் உள்ளதைப் படமாகவே காண இயலுகின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அக்கருவி இராது. டார்ச்சும் கடிகாரமும் இரத்த அழுத்தமானியும் இருக்கும். ஆங்கிருந்து அனுப்பப்படும் நோயாளியுடன் செல்லும் தாளில் அடிபட்ட நேரம், இடையே தெளிவு வந்ததா என்பது, மூவகை மதிப்புகள் தனித்தனியே, பாவைகளின் அளவு, கொடுக்கப்பட்ட மருந்து, ஒவ்வொரு பரிசோதனையும் செய்யப்பட்ட மணி ஆகியவை இருக்கவேண்டும். வழியில் ஆம்புலன்ஸிலும் அதே தாளில் அரைமணிக்கொருமுறை குறித்துவந்தால், பெரிய மருத்துவமனையின் டாக்டர் நோயாளியை முதன்முறையாகக் காணும்போதே, அவர் தேறிவருகிறாரா தாழ்ந்துவருகிறாரா என்பதை அறிந்துகொள்ளுவார்.