ஆறு கம்பியின் இழுப்பும் அதைத் தாங்கும் குதிரையும்

எலெக்ட்ரிக் கிதார் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், வடிவத்தைப் பார்க்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் பிக்கப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் கம்பிகள் வந்து முடியும் இடத்தைப் பாருங்கள் என்பேன். வீணையில் குதிரை என்கிறோமே, அந்த உறுப்பு. கிதார்காரர்களுக்கு அது பிரிட்ஜ்.

மெல்லிய ரகக் கம்பிகளையே மாட்டினாலும், சுருதி சேர்த்தபின் ஆறும் சேர்ந்து சுமார் 38 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பிரிட்ஜை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பை எது தாங்குகிறது என்பதில்தான் நிலையானது, மிதப்பது என்ற இருவகை பிரிட்ஜுகளும் பிரிகின்றன.

நிலையான பிரிட்ஜில் மரம் தாங்குகிறது. ஃபெண்டரின் டெலிகாஸ்டரில் ஓர் உலோகத் தகடு உடல்மரத்தோடு திருகப்பட்டிருக்கும். கிப்சன் நிறுவனம் 1954இல் லெஸ் பால் கஸ்டம் கிதாரில் கொண்டுவந்த டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் இரண்டு தூண்களின்மேல் நிற்கும். இரண்டிலும் பிரிட்ஜ் அசையாது. ஒரு கம்பிக்கு நேர்வது அடுத்த கம்பியைப் பாதிக்காது.

அதே 1954இல் லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தது. அதன் பிரிட்ஜ் முன்விளிம்பில் ஆறு திருகுகளை அச்சாகக் கொண்டு சாய்ந்து நிமிரும். அதன் அடியில் கனமான எஃகுக் கட்டை ஒன்று உடலுக்குள் இறங்குகிறது. கிதாரின் முதுகுப்பக்கக் குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் அந்தக் கட்டையைப் பிடித்து இழுக்கின்றன. முன்னால் கம்பிகள், பின்னால் ஸ்பிரிங்குகள்: இரண்டும் சமமாக இழுக்கும் இடத்தில் பிரிட்ஜ் தராசுமுள் போல நிற்கிறது. வாமி பார் எனப்படும் கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும், விட்டால் திரும்பும். 1960இல் ‘அப்பாச்சி’ என்ற இசையை வாசித்த ஹாங்க் மார்வின் இதை மெல்லிய அதிர்வுக்குப் பயன்படுத்தினார். 1969இல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதைக்கொண்டு அமெரிக்க தேசியகீதத்தை அலற வைத்தார்.

சமநிலையில் மிதக்கும் பிரிட்ஜில் எந்தக் கம்பியும் தனியாக இல்லை. வாசிக்கும்போது ஒரு கம்பி அறுந்தால் முன்பக்க இழுப்பு குறையும், ஸ்பிரிங்குகள் வெல்லும், மீதி ஐந்து கம்பிகளும் சுருதி ஏறிவிடும். விரலால் ஒரு கம்பியைத் தள்ளிச் சுருதியை உயர்த்தினால் மற்றவை சற்றே இறங்கும். கடைசித் தடித்த கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கி டி-யில் வைத்து ஒரு பாட்டு வாசிக்க வேண்டுமென்றால், நிலையான பிரிட்ஜில் ஒரு ட்யூனரைத் திருகினால் போதும். மிதக்கும் பிரிட்ஜில் ஆறையும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். ஒன்றைச் சேர்க்கும்போது இன்னொன்று நகரும் என்பதால் பல சுற்று ஆகும்.

இதைவிடப் பெரிய தொல்லை உராய்வு. பாரை அழுத்தும்போது கழுத்தின் தலைப்பக்கமுள்ள நட் என்ற தாங்கியின் பள்ளத்தில் கம்பி சறுக்குகிறது. திரும்பும்போது அதே இடத்துக்கு முழுமையாக வராவிட்டால் சுருதி போய்விடும். நட்டில் பென்சில் கரியைத் தேய்ப்பது கிதார்காரர்களின் பழைய வைத்தியம். ஃபிளாய்ட் ரோஸ் என்ற கிதார்காரர் 1970களின் பிற்பகுதியில் பிரச்சினையை வேரிலேயே வெட்டினார்: கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் இறுக்கிப் பூட்டிவிட்டார். சறுக்க இடமே இல்லை. கம்பி முழுக்கத் தொங்கும் அளவுக்கு அழுத்தினாலும் சுருதி திரும்பி வந்தது. எடி வான் ஹேலனின் வாசிப்பு அதை உலகறியச் செய்தது.

இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழவைப்பது ஒரு வீட்டுத் தயாரிப்பு. குவீன் குழுவின் பிரையன் மே, பள்ளி மாணவனாக இருந்த 1963இல், தன் தந்தையுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். அதன் ட்ரெமோலோ, அதாவது பாரால் அசையும் அமைப்பு, ஒரு பழைய எஃகுக் கத்தியின் விளிம்பின்மேல் அசைகிறது. கம்பிகளின் இழுப்புக்கு ஈடுகொடுப்பவை பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். உராய்வைக் குறைக்க, பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் உருளை வைத்தார்கள். பணமில்லாத வீட்டில், சிக்கலின் மூலத்தைப் புரிந்துகொண்டு இருவர் செய்த வேலை அது. அந்தக் கிதார் பல பத்தாண்டுகளாக மேடையேறி வருகிறது.

சரி, எதை வாங்குவது? முதல் கிதாருக்கு நிலையான பிரிட்ஜ்தான் என் பரிந்துரை. கற்றுக்கொள்ளும் காதுக்குச் சரியான சுருதி நாள்தோறும் கிடைக்க வேண்டும். மலிவு விலையில் வரும் பூட்டுவகை மிதக்கும் பிரிட்ஜை உறுதியாகத் தவிர்க்கலாம். கத்திமுனை போன்ற அதன் அச்சுவிளிம்பு மென்மையான உலோகத்தில் இருந்தால் சீக்கிரம் மழுங்கும். பிறகு பிரிட்ஜ் பழைய நிலைக்குத் திரும்பாது. ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவம்தான் பிடித்திருக்கிறது என்றால் கவலையில்லை. பின்குழியில் ஸ்பிரிங்குகளைக் கோத்திருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளை இறுக்கினால் பிரிட்ஜ் மரத்தில் படிந்து உட்காரும். எரிக் கிளாப்டன் இன்னும் ஒரு படி மேலே போய், மரத்துண்டைச் செருகி அசைவையே நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் பார் வேண்டுமென்று தோன்றினால் அதே திருகுகளைத் தளர்த்திக்கொள்ளலாம்.

பார் உள்ள கிதார்தான் வேண்டும் என்று முடிவுசெய்தவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சுருதி சேர்த்துவிட்டு, பாரை நன்றாக அழுத்தி விடுங்கள். பிறகு ஆறு கம்பிகளையும் மீட்டிக் கேளுங்கள். சுருதி பிசகியிருந்தால் நட்டையும் பிரிட்ஜையும் சரிசெய்துதரச் சொல்லுங்கள். அதன்பிறகும் பிசகினால் அடுத்த கிதாரை எடுங்கள்.