கலங்கிய நீரும் களிமண்ணின் குணமும்

மாரி மழை தொடங்கிச் சில நாட்களுக்குள் வன்னியின் சிறு குளங்கள் பலவும் தேநீர் நிறம் பெற்றுவிடுகின்றன. குழாய் நீர் எட்டாத கிராமங்களில் அந்த நீரே குளிப்பதற்கும் துவைப்பதற்கும் உதவுகின்றது. கிணறு உவராகிப் போன இடங்களிலும், வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்த இடங்களிலும் குடிப்பதற்கும் அதுவே. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து குளக்கரைகளில் தங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த நிலை நன்கு தெரியும்.

குடத்தில் அள்ளி வைத்த அந்த நீர் ஏன் ஒரு நாள் கழிந்தும் தெளிவதில்லை? சிறிதளவு படிகாரம் போட்டால் மட்டும் ஏன் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுகின்றது? நாம் கிராமக் கூட்டங்களுக்குச் செல்லும்போது தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை தெரிந்தால் குடிநீரை மட்டுமல்ல, எமது வயலையும் குளத்துக் கட்டையும் பற்றிய சில உண்மைகளும் விளங்கும்.

மணல் விழும், களி மிதக்கும்

ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு வயல் மண்ணைப் போட்டு, நீர் நிரப்பி, மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் விழுந்துவிடும். வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும். மேலே நிற்கும் நீர் மட்டும் நாட்கணக்கில் மங்கலாகவே இருக்கும். அந்த மங்கலுக்குக் காரணம் களி.

மண்ணியலாளர் 0.002 மில்லிமீற்றருக்கும் குறைந்த துணிக்கைகளையே களி என்கின்றனர். நீரில் விழும் துணிக்கையின் வேகத்தைக் கணிக்கும் விதியை ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1851இல் வகுத்தார். அவ்விதிப்படி துணிக்கையின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் விழும் வேகம் நூறில் ஒன்றாகக் குறையும். 0.1 மில்லிமீற்றர் மணல் ஒரு மீற்றர் ஆழத்தை இரண்டு நிமிடமளவில் கடக்கும். 0.002 மில்லிமீற்றர் களிக்கு அதே தூரத்தைக் கடக்க ஏறத்தாழ மூன்று நாள் வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள நுண்களிக்கு ஏறத்தாழ ஒரு வருடம் பிடிக்கும். உண்மையில் அவ்வளவு நுண்ணியவை அடியில் சேர்வதேயில்லை எனலாம். நீர் மூலக்கூறுகள் எப்பக்கமும் இடித்து அவற்றை ஓயாது அலைத்துக்கொண்டிருக்கும்.

ஒன்றையொன்று தள்ளும் தகடுகள்

துணிக்கைகள் பல ஒன்றுசேர்ந்து பெரிய திரளானால் விரைவில் விழுந்துவிடும் அல்லவா? அவை ஏன் ஒன்றுசேர்வதில்லை?

களித் துணிக்கைகள் மணலைப் போல் உருண்டையானவை அல்ல. அவை மெல்லிய தகடுகள். ஒரு கிராம் வெண்களியின் தகடுகளை விரித்து வைத்தால் 10 முதல் 20 சதுர மீற்றர் வரை பரப்பும். நீரில் ஊறி வீங்கும் களிவகைகளில் இந்தப் பரப்பு 700 சதுர மீற்றருக்கும் மேற்படும். இத்தகடுகளின் முகங்கள் மறை மின்னேற்றம் உடையவை. பளிங்கு உருவாகும்போது சிலிக்கனின் இடத்தில் அலுமினியமும், அலுமினியத்தின் இடத்தில் மகனீசியமும் அங்குமிங்கும் அமர்ந்துவிட்டதே இதற்கு முக்கிய காரணம்.

இந்த மறையேற்றத்தைச் சமப்படுத்த நீரில் உள்ள சோடியம், கல்சியம் முதலிய நேர் அயன்கள் தகட்டைச் சுற்றி ஒரு முகில் போலச் சூழ்ந்து நிற்கின்றன. மழை நீரில் உப்புகள் மிகக் குறைவு. ஆகவே அதில் இந்த முகில் அகன்று பரந்து நிற்கும். இரண்டு தகடுகள் நெருங்கும்போது முகில்கள் முட்டி ஒன்றையொன்று தள்ளிவிடும். நீரில் உப்பு கூடும்போது முகில் ஒடுங்குகின்றது. அப்போது தகடுகள் மிக அண்மையில் வர முடிகின்றது. அவ்வளவு அண்மையில் எல்லாப் பொருட்களுக்கும் பொதுவான ஒரு கவர்ச்சி விசை மேலோங்கி அவற்றை ஒட்ட வைக்கின்றது. திரள்கள் உருவாகிக் கீழே படிகின்றன.

மழை நீர் ஓடி நிறைந்த குளம் நெடுநாள் கலங்கி நிற்பதும், சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கிணற்று நீரில் களி விரைவில் படிந்துவிடுவதும் இதனாலேயே. கொட்டியாரக் குடாவில் மகாவலியின் செந்நீர் கடலுடன் கலக்கும் இடத்திலும் இதுவே நடக்கின்றது. ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆறு சுமந்து வந்த களியில் பெரும் பகுதி அந்த உப்பைச் சந்தித்ததும் திரண்டு முகத்துவாரத்தை அண்டியே படிந்துவிடுகின்றது. கழிமுகச் சேற்று நிலங்களும் கண்டல் நிலங்களும் உருவாவதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

எல்லா அயனும் ஒரே வலிமை உடையவை அல்ல. ஜேர்மனியரான சூல்ட்சே 1882இலும், ஆங்கிலேயரான ஹார்டி 1900இலும் இதனை ஆராய்ந்தனர். ஓரேற்றம் உள்ள சோடியத்தைவிட ஈரேற்றம் உள்ள கல்சியம் மிகக் குறைந்த அளவிலேயே களியைத் திரட்டும். மூவேற்றம் உள்ள அலுமினியத்துக்கு அதனிலும் மிகக் குறைந்த அளவே போதும். படிகாரத்தில் இருப்பது அந்த அலுமினியமே. அது நீரில் கரைந்ததும் பஞ்சு போன்ற வெண்ணிற வீழ்படிவையும் உண்டாக்குகின்றது. அப்பஞ்சு கீழிறங்கும்போது எஞ்சிய களியையும் வாரிக்கொண்டு போகின்றது.

எம் முன்னோரின் தேற்றாங்கொட்டை

இந்த விஞ்ஞானம் பிறப்பதற்கு மிக முன்னரே எம்மவர் வித்துக்களால் நீரைத் தெளிவித்தனர். தேற்றா மரத்தின் பெயரே அதன் தொழிலைச் சொல்கின்றது. அதன் கொட்டையை மட்குடத்தின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைப்பது வழக்கம். கலித்தொகையிலேயே இவ்வழக்கம் உவமையாக வருகின்றது. சுசுருத சங்கிதையும் இவ்வித்தைக் குறிப்பிடுகின்றது. இக்கொட்டையில் உள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒரு துணிக்கையை மற்றொன்றுடன் பாலம் போலப் பிணைக்கின்றன.

முருங்கை விதைக்கும் இவ்வாற்றல் உண்டு. சூடானில் நைல் நதிக்கரைப் பெண்கள் கலங்கிய ஆற்று நீரை முருங்கை விதைத் தூளால் தெளிவித்து வந்தனர். சாமியா அல் அசாரியா ஜான் என்ற ஆய்வாளர் 1970களிலும் 1980களிலும் இதனை விரிவாக ஆராய்ந்து உலகறியச் செய்தார். முருங்கை விதையின் புரதங்கள் நேரேற்றம் உடையவை. ஆகவே மறையேற்றமுள்ள களியை அவை இலகுவாகப் பற்றிக்கொள்கின்றன. முற்றி உலர்ந்த விதையை உடைத்து, வெள்ளைப் பருப்பை மட்டும் இடித்துத் தூளாக்கி, சிறிது சுத்தமான நீரில் கரைத்து, துணியால் வடித்துச் சேர்க்க வேண்டும். மிகவும் கலங்கிய நீருக்கு லீற்றருக்கு ஒரு விதை என்பது தொடக்க அளவாகக் கொள்ளத்தக்கது. விதையின் ஏனைய சத்துக்கள் நீரிலேயே தங்கிவிடுவதால் அந்நீரை அன்றன்றே பாவித்து முடிக்க வேண்டும். வைத்திருந்தால் கிருமிகள் பெருகும்.

படிகாரத்தின் அளவை அறிதல்

படிகாரம் குறைந்தால் நீர் தெளியாது. மிஞ்சினால் நீர் புளிக்கும். சில வேளை களித் தகடுகள் நேரேற்றம் பெற்று மீண்டும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். அதனால் கலங்கல் அப்படியே நின்றுவிடும். சரியான அளவு ஒவ்வொரு நீருக்கும் வேறுபடும். அதனைக் கிராமத்திலேயே கண்டறியலாம்.

10 கிராம் படிகாரத்தை ஒரு லீற்றர் சுத்தமான நீரில் கரையுங்கள். இக்கரைசலின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 10 மில்லிகிராம் படிகாரம் இருக்கும். ஐந்து போத்தல்களில் ஒவ்வொரு லீற்றர் கலங்கல் நீர் எடுத்து, முறையே 1, 2, 4, 6, 8 மில்லிலீற்றர் கரைசலை ஊசியற்ற சிறிஞ்சினால் சேருங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். படிகாரம் எங்கும் பரவ இது அவசியம். பின்பு பத்து நிமிடம் மிக மெதுவாகக் கலக்குங்கள். மெதுவாகக் கலக்கும்போதே சிறு திரள்கள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகின்றன. இந்நேரத்தில் வேகம் கூடினால் அவை உடைந்துவிடும். அரை மணி நேரம் அசையாது விடுங்கள். தெளிந்த போத்தல்களுள் எதற்கு மிகக் குறைந்த கரைசல் சேர்த்தீர்களோ அதுவே உங்கள் நீருக்கு உரிய அளவு. 20 லீற்றர் வாளிக்கு அதன் இருபது மடங்கைச் சேர்க்கலாம். பெருமழைக்குப் பின்னர் மீண்டும் ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நன்று.

தெளிந்த நீர் தூய நீர் அல்ல

இதனை நாம் எத்தனை முறை சொன்னாலும் தகும். களியுடன் சேர்ந்து கிருமிகள் பலவும் அடியில் படிவது உண்மை. ஆனால் எல்லாம் படிவதில்லை. வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம் ஆகியவற்றின் கிருமிகள் பளிங்கு போன்ற நீரிலும் இருக்கலாம். சிறு பிள்ளைகளின் உயிரைப் பறிப்பவை இவையே. நீர் தெளிந்து தெரிவதாலேயே கொதிக்க வைப்பதைக் கைவிட்டால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும்.

தெளிவித்தல் முதற்படி. கிருமி நீக்கல் இரண்டாம் படி. முதற்படி இல்லாமல் இரண்டாம் படி சரிவர நடவாது. கலங்கிய நீரில் குளோரீன் இட்டால் அதன் பெரும் பகுதி மண்ணிலும் சேதனப் பொருட்களிலும் வீணாகிவிடும். களித் திரளுக்குள் மறைந்திருக்கும் கிருமியை அது எட்டுவதுமில்லை. நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நீர் நிரப்பி ஆறு மணி நேரம் வெயிலில் வைக்கும் முறைக்கும் தெளிந்த நீரே வேண்டும். விறகு கிடைக்கும் வீட்டில் கொதிக்க வைத்து ஆற்றுவதே நிச்சயமான வழி. மேல் நீரை அடையல் கலங்காமல் வேறு பாத்திரத்துக்கு ஊற்றி, அதன் பின் கொதிக்க வையுங்கள்.

சேறு நீராக ஓடும்போது

களி நிறையவும் நீர் குறைவாகவும் இருக்கும்போது வேறொரு குணம் வெளிப்படுகின்றது. தகடுகள் விளிம்பும் முகமுமாக ஒட்டி, சீட்டுக்கட்டினால் கட்டிய வீடு போல ஓர் அமைப்பை உண்டாக்குகின்றன. அந்தச் சேறு அசையாதிருக்கும்போது கூழாக இறுகி நிற்கும். கலக்கினால் இளகி ஓடும். விட்டால் மறுபடியும் இறுகும். மட்பாண்டத் தொழிற்சாலைகளில் களிக்குழம்புக்குச் சிறிது சோடியம் சிலிக்கேற்று சேர்ப்பார்கள். அப்போது தகடுகள் ஒன்றையொன்று தள்ளுவதால் குறைந்த நீருடனேயே குழம்பு இலகுவாக ஓடி அச்சில் நிறையும்.

இதே குணம் பேரழிவும் தரவல்லது. நோர்வேயில் முன்னொரு காலம் கடலடியில் உப்பு நீரில் திரண்டு படிந்த களி, பின்னர் நிலம் உயர்ந்ததால் தரையாகியது. ஆயிரக்கணக்கான வருடங்களாக நன்னீர் ஊறி அதன் உப்பைக் கழுவிவிட்டது. திரண்ட அமைப்பு மட்டும் எஞ்சியது. அதை நிலைநிறுத்தி வைத்த உப்பு போய்விட்டது. 1978 ஏப்ரலில் றிசா என்னும் ஊரில் ஒரு பண்ணையின் கட்டட வேலைக்காகத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் குவித்தார்கள். அந்தப் பாரத்தால் கரை சரிந்தது. தொடர்ந்து ஏறத்தாழ 33 ஹெக்டேயர் நிலம் வீடுகளோடு குழம்பாக ஏரிக்குள் ஓடியது. அப்படி ஓடிய களியுடன் உப்பைக் கலந்தால் அது மீண்டும் இறுகும்.

எமது நாட்டில் அத்தகைய களி இல்லை. ஆனால் உப்பேறிய கரையோர வயல்களில் இதற்கு இனமான ஒரு தீங்கு உண்டு. களித் தகடுகளில் சோடியம் மிகுந்துவிட்டால், மழை நீர் பட்டதும் களி கலைந்து மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். வயல் காய்ந்ததும் கல்லாக இறுகும். அத்தகைய மண்ணால் கட்டிய குளக்கட்டில் நீர் கசிந்தால் களி கரைந்து உள்ளேயே ஓட்டை விழும்.

இதனை அறிய எமர்சன் என்ற மண்ணியலாளர் 1967இல் வகுத்த முறைகளுள் எளிய ஒன்று போதும். பட்டாணிக் கடலையளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மழை நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் மெதுவாக இட்டு, கலக்காமல் இரண்டு மணி நேரம் பாருங்கள். கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் அச்சமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற முகில் பரவினால் அந்த மண் கட்டு வேலைக்கு உதவாது. வயலாயின், வடிகால் வசதி செய்து, ஜிப்சம் இட்டுச் சோடியத்தின் இடத்தில் கல்சியத்தை ஏற்ற வேண்டும். எவ்வளவு இடுவது என்பதை மண் பரிசோதனையின் பின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிவது நல்லது.

களியை வயலிலேயே நிறுத்துவோம்

குளத்தைக் கலக்கும் களி மேட்டு நிலத்தின் செழிப்பு. பயிருக்கு வேண்டிய பொசுபரசும் பொட்டாசியமும் அத்தகடுகளிலேயே ஒட்டியிருக்கின்றன. சேற்றுழவு முடிந்த கையோடு கலங்கல் நீரை வயலிலிருந்து வடிய விடுவோர், தாம் இட்ட பசளையையும் சேர்த்தே வாய்க்காலில் விடுகின்றனர். ஓரிரு நாள் பொறுத்து, நீர் தெளிந்த பின் வடித்தால் அது வயலிலேயே தங்கும்.

உலர் வலயத்துப் பழைய குளங்களின் மேற்புறத்தில் மரச் சோலையும் புல் வரிசையும் விடப்பட்டிருந்தன. சிங்களக் கிராமங்களில் இப்புல் வரிசையைப் பெரஹன என்பர். ஓடி வரும் நீர் புல்லுக்குள் தாமதிக்கும்போது மணலும் வண்டலும் உடையாத களிக் கட்டிகளும் அங்கேயே தங்கிவிடும். இத்தொடர் குளங்களை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. ஆயினும் பல இடங்களில் அந்தப் புல்நிலம் உழப்பட்டுப் பயிர் நிலமாகிவிட்டது. ஒரு முறை தனித் தகடாகக் கலைந்து நீரில் கலந்த களியைப் புல்லாலும் பிடிக்க முடியாது. ஆகவே மண் கட்டியாக இருக்கும்போதே அதைக் காக்க வேண்டும். மழைத்துளி நேரே விழாதபடி மூடாக்கு இடுவதும், சரிவுக்குக் குறுக்கே வரம்பு கட்டுவதும் அதற்கான வழிகள்.

அடுத்த மாரிக்கு முன்னர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மூன்று வேலைகளைச் செய்யலாம். குளத்து நீருக்குரிய படிகார அளவைப் போத்தல் சோதனையால் கண்டு, அதைப் பாடசாலைச் சுவரில் எழுதி வைக்கலாம். குளக்கட்டைத் திருத்த எடுக்கும் மண்ணைக் குவளையில் இட்டுப் பார்க்கலாம். குளத்தின் மேற்புறத்தில் பத்து முழ அகலத்துக்காவது புல்லை உழாமல் விடலாம். இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. ஊரவர் கூடி முடிவெடுத்தால் போதும்.