மின்வணிகம்: வகையும் வளர்ச்சியும்

முன்னுரை

பொருநை கடலொடு கலக்கும் பகுதியில் கொற்கை முத்து வணிகத்தால் புகழ்பெற்றது; பின்னர்க் காயல் துறைமுகம் அரபு நாட்டுக் குதிரைகளை வரவேற்றது. அவ்வாற்றின் கிளையாகிய மணிமுத்தாற்றின் மேலுள்ள மாஞ்சோலையோ தேயிலையால் அறியப்பட்டது. இன்று முத்தும் தேயிலையும் இணையத்தில் விலைபேசப்படுகின்றன. இம்மின்வணிகத்தின் வகைகளையும் வளர்ச்சியையும் தேயிலையைச் சான்றாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

வகைகள்

விற்போர் யார், வாங்குவோர் யார் என்பதைக் கொண்டு மின்வணிகத்தைப் பெரும்பான்மையாக நான்காகப் பகுப்பர். தோட்ட நிறுவனம் மொத்த வணிகருக்குத் தேயிலையை விற்பது நிறுவனங்களுக்கு இடையிலான வணிகம். அத்தூளைப் பொட்டலமாக நாம் வாங்குவது நிறுவனத்திற்கும் நுகர்வோருக்கும் இடையிலானது. படித்து முடித்த பாடநூலை ஒரு மாணவர் மற்றொருவருக்கு விற்பது நுகர்வோர் தமக்குள் செய்வது. அரசு அலுவலகங்கள் 2016இல் தொடங்கப்பெற்ற அரசு மின்சந்தையில் பொருள் வாங்குவது நான்காம் வகை.

வளர்ச்சி

1979இல் இங்கிலாந்து நாட்டு மைக்கேல் ஆல்டிரிச், தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பிவழிக் கணிப்பொறியோடு இணைத்து வணிகம் செய்ய வழிகண்டார். 1995இல் அமேசான், ஈபே ஆகியவை விற்பனையைத் தொடங்கின. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கு ஏற்பு அளித்தது. 2002இல் தொடர்வண்டிப் பயணச்சீட்டு இணையத்திற்கு வந்தது. 2007இல் பிளிப்கார்ட் தோன்றியது. 2016இல் அறிமுகமான யுபிஐ முறை பெட்டிக்கடைவரை பணப்பரிமாற்றத்தை எளிதாக்கியது.

தேயிலை ஏலம்

கல்கத்தாவில் 1861இலும், கொச்சியில் 1947இலும், குன்னூரில் 1963இலும் தேயிலை ஏலம் தொடங்கியது. தரகர் மாதிரியைச் சுவைத்து மதிப்பிடுவார், பட்டியல் அச்சாகும், வணிகர் ஏலக்கூடத்தில் அமர்ந்து குரல் கொடுப்பர், சுத்தியல் ஓசையுடன் விலை முடியும். இக்கூடம் பின்னர்க் கணிப்பொறித் திரைக்குள் புகுந்தது. 2016இல் வந்த அனைத்திந்திய ஏலமுறையால், ஒரு மையத்தில் பதிவுபெற்ற வணிகர் பிற மையங்களின் சரக்கையும் கேட்க இயன்றது. எனினும் மாதிரியைச் சுவைக்கும் நாவிற்கு மாற்று இல்லை. கொழுந்து பறிக்கும் கைக்கும் அவ்வாறே.

அக்கையின் நிலை என்ன? சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 8,373 ஏக்கர் நிலத்தை 1929இல் பம்பாய் பர்மா வணிகக் கழகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. குத்தகை முடியும் 2028க்கு முன்னரே, 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தோட்டப்பணி நிறுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் பிழைப்பும் குடியிருப்பும் குறித்துக் கலங்கினர். திரை விலையைக் காட்டும். உழைத்தவர் முகத்தைக் காட்டுவதில்லை. விரைவு மிகுந்த வணிகம் அறமிகுந்த வணிகம் ஆகிவிடாது என்பதை இதனால் உணர்கிறோம்.

நம் கடமை

புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயை நெய்யும் மகளிர் இடைத்தரகர் இன்றி இணையத்தில் விற்க இயலும். ஆயின் பொருளை விளக்கும் நல்ல தமிழும் நேரிய படமும் அதற்கு வேண்டும். விற்பவர் பெயர், முகவரி, பொருளைத் திருப்பியளிக்கும் நெறி, குறைதீர்க்கும் அலுவலர் ஆகியவற்றை வெளிப்படுத்த வேண்டும் என 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. அவ்விவரங்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின் நம் வீட்டுப் பெரியோர்க்கு அவற்றால் பயன் யாது? அவற்றைத் தமிழாக்குவதும், நெசவாளர்க்கு விளக்கக் குறிப்பு எழுதித் தருவதும் தமிழ்த்துறை மாணவர் இன்றே தொடங்கத்தக்க பணிகள்.

முடிவுரை

கொற்கைத் துறை மணலால் தூர்ந்தது. காயல் துறையும் தன் பழம்பெருமையை இழந்தது. துறைகள் மாறினும் வணிகம் நிற்பதில்லை. இப்புதிய துறையில் எடையும் சொல்லும் பிழையாதிருக்கவும், விளைவித்தவர் கைக்கு உரிய பங்கு சேரவும் வழிகாண்போமாக.