இரண்டு பாத்திகள்

மரக்காணத்தில் ‘பாத்தி’ என்றால் கீரைப் பாத்திக்கு முன்னால் உப்புப் பாத்திதான் நினைவுக்கு வரும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உப்பளங்கள் வருகின்றன. இப்படிப்பட்ட ஊரில், கொல்லைப்புறத்தில் கத்தரியும் வெண்டையும் வைக்க ஆசைப்படுகிறவர் முதலில் பக்கத்து அளத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே நடப்பதைத் தலைகீழாகச் செய்தால் அது தோட்டம்.

அளத்தில் தண்ணீர் ஆவியாக வேண்டும். அப்போதுதான் உப்பு பூக்கும். வீட்டு மண்ணிலும் வெயில் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. ஈரம் மேலேறிக் காய்கிறது, கூடவே வந்த உப்பு மேல்மண்ணில் தங்கிவிடுகிறது. வேர் தண்ணீரில் நின்றாலும் உறிஞ்ச முடியாமல் செடி வாடும். வாடுகிறதே என்று மேலும் உவர்நீரை ஊற்றினால் இன்னும் மோசம்.

அதனால் இந்தக் கரையில் இயற்கை வேளாண்மையின் முதல் பாடம் பஞ்சகவ்யம் அல்ல, மூடாக்கு. வைக்கோல், சருகு, தென்னை மட்டை என்று எது கிடைத்தாலும் மண்ணை மூட வேண்டும். பார் பிடித்து நடுபவர்கள் உச்சியை விட்டுவிட்டுச் சரிவில் நட வேண்டும், ஏனென்றால் உப்பு உச்சியில்தான் சேரும். தொட்டியில் வளர்ப்பவர்கள் தேங்காய் நார்க்கழிவை அப்படியே நிரப்பக் கூடாது. உப்புநீரில் ஊறிய மட்டையின் நார்க்கழிவில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே அது செடிக்கு ஆகும்.

தொடங்கும் காலமும் அளத்துக்கு எதிர்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பு வாருவது நின்றுபோகும், தொழிலாளிக்கு வேலையில்லை. ஆனால் அந்த ஐப்பசி, கார்த்திகை மழைதான் மேல்மண்ணின் உப்பைக் கரைத்துக் கீழே தள்ளுகிறது. அப்போது மண்ணை மூடி வைத்து, கூரைத் தண்ணீரையும் தொட்டியில் பிடித்துக்கொண்டால், வெள்ளம் வடிந்த கையோடு விதைக்கலாம்.

எதை விதைப்பது? பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் உப்பைத் தாங்காத பிள்ளைகள். மண்ணின் உவர்ப்பை அளக்கும் அலகில் 1-ஐத் தாண்டினாலே பீன்ஸ் விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளி 2.5 வரை பொறுக்கும். பீட்ரூட்டுக்கு 4. கொத்தவரை 8-ஐயும் தாண்டித் தாக்குப்பிடிக்கும்! சந்தையில் அதற்கு அவ்வளவு மரியாதை இல்லைதான்.

மண்ணே சரியில்லை என்பவர்களுக்கு அருகிலேயே ஒரு பதில் இருக்கிறது. இதே விழுப்புரம் மாவட்டத்தின் ஆரோவில்லில், அரித்துப்போன செம்மண் கட்டாந்தரையில் 1994-இல் தீபிகா குண்டாஜியும் பெர்னார்டும் ‘பெபிள் கார்டன்’ தொடங்கினார்கள். சருகையும் கரித்தூளையும் கொண்டு அங்கேயே மண்ணை உருவாக்கி, நாட்டுக் காய்கறி விதைகளைப் பெருக்கினார்கள். அங்கே சிக்கல் உப்பு அல்ல, வளமின்மை. உப்புக்கு நாகப்பட்டினம் உதாரணம். 2004 சுனாமியில் கடல் புகுந்த வயல்களில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் விவசாயிகளும் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்களை விதைத்து, மடக்கி உழுது நிலத்தை மீட்டார்கள். சிறிய கொல்லைக்கும் இது பொருந்தும். ஏருக்குப் பதில் மண்வெட்டி.

இன்னொரு வழி களை என்று நாம் பிடுங்கி எறிகிற உமரி. இந்தச் செடி ஒரு ஹெக்டேரிலிருந்து நான்கு மாதத்தில் சுமார் 504 கிலோ உப்பை எடுத்துவிடும் என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வு 2007-இல் மதிப்பிட்டது. சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2 கிலோ. ஒரே நிபந்தனை, பிடுங்கிய உமரியை அதே பாத்தியில் மூடாக்காகப் போடக் கூடாது. எடுத்த உப்பு திரும்ப வந்துவிடும். வெளியே கொண்டுபோக வேண்டும், அல்லது இளந்தளிராகக் கிள்ளி அடுப்படிக்கு. கடற்கரை ஊர்களில் உமரிக் கீரை சமைப்பது உண்டு. உப்பு மட்டும், ருசி பார்த்த பிறகு.