மோட்டாரின் நடுக்கத்தைப் பிடிக்கும் கருவி, பாலத்தின் ஆட்டத்தைத் தவறவிடுவது ஏன்?

ஓடும் மோட்டாரின் மேல் கை வைத்தால் ஒரு நடுக்கம் தெரியும். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் நொடிக்கு 25 முறை. பேரிங் கெடத் தொடங்கினால் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிக்கும் நுண்ணதிர்வும் சேரும். இதைப் பிடிக்கும் கருவியான முடுக்கமானியை நீண்ட தொங்கு பாலத்தில் பொருத்தினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஏன்?

கருவிக்குள் ஒரு சிறு எடை, அதை ஒட்டி ஒரு படிகம். கருவி அதிரும்போது எடை படிகத்தை அழுத்தும்; படிகத்தில் மின்னூட்டம் பிறக்கும். 1880இல் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த பண்பு இது.

ஆனால் அந்த மின்னூட்டம் தங்காது. அடியில் ஓட்டையுள்ள குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று ஊற்றினால் நீர்மட்டம் உயர்வது தெரியும். சொட்டுச் சொட்டாக ஊற்றினால்? அத்தனையும் ஒழுகிவிடும். பாலம் ஒருமுறை ஆடி முடிக்கச் சில நொடிகள் ஆகும்; அதற்குள் மின்னூட்டம் வடிந்துவிடுகிறது.

அங்கே உதவுவது உங்கள் செல்போனில் உள்ள முடுக்கமானி வகை. நுண்ணிய சிலிக்கான் எடை, தகடுகளுக்கு நடுவே தொங்குகிறது. போனைச் சாய்த்து அசையாமல் பிடித்தாலும், எடைக்கும் தகடுகளுக்கும் இடையே மாறிய இடைவெளி மாறியபடியே இருக்கும்; கருவி அளப்பது அதைத்தான். திரை தானாகத் திரும்புவது அதனால்தான். பாலத்துக்கு இதே முறையில், இன்னும் நுட்பமாகச் செய்த கருவி வேண்டும்.

எந்த வகையானாலும், பலர் கவனிக்காதது கருவியின் எடை. மெல்லிய தகட்டில் கனமான கருவியை ஒட்டினால் தகட்டின் அதிர்வே மாறிவிடும். சோதிக்கும் பாகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். வேகமான அதிர்வென்றால், கருவியைக் காந்தத்தால் ஒட்டாமல் திருகாணியால் இறுக்குங்கள்.