மறைந்தது அழிந்ததா? கற்றல் உளவியலில் ஒரு கேள்வி

ஆக்கநிலையுறுத்தம் பற்றிய தமிழ் உளவியல் நூல்களில் ‘மறைதல்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. பயிற்சியினால் உண்டான ஒரு துலங்கல், அதைத் தாங்கி நின்ற வலுவூட்டல் நிறுத்தப்படும்போது படிப்படியாகக் குறைந்து நின்றுபோவதை அச்சொல் குறிக்கும். இதற்கு ஈடாக வழங்கும் ஆங்கிலச் சொல் தீ அணைவதையும், ஓர் உயிரினம் பூண்டற்றுப் போவதையும் ஒருங்கே நினைவூட்டுவது. தமிழ்ச் சொல்லின் இயல்பு வேறு. கதிரவன் மறைந்தான் என்கிறோம், அழிந்தான் என்பதில்லை. திட்டமிட்டுத் தெரிந்தெடுத்த சொல்லோ, தற்செயலாய் அமைந்ததோ, நூறாண்டுக்கால ஆய்வுகள் தமிழ்ச் சொல்லின் பக்கமே சாய்ந்து வந்துள்ளன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குடிப்பழக்கத்தை விட்டு ஈராண்டுகள் தெளிவாக வாழ்ந்த ஒருவர், ஒரு திருமண வீட்டிலோ ஊர்த் திருவிழாவிலோ மீண்டும் குடித்துவிடுகிறார். சபையார் அவரை மாயக்காரர் என்கின்றனர். ‘இத்தனை நாளும் நடித்திருக்கிறான்’ என்கின்றனர் வீட்டார். தம் மனமாற்றம் பொய்யானது என்று அவரே நம்பத் தொடங்குகிறார். இம்மூன்று தீர்ப்புகளுக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடக்கிறது: பழையது உண்மையாகவே போயிருந்தால் திரும்பி வந்திராது என்பதே அது. இவ்வெண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைக் கற்றல் உளவியலின் துணைகொண்டு காண்போம்.

இவான் பாவ்லவ் (1849–1936) ரஷ்ய ஆர்த்தோடாக்ஸ் குருவானவர் ஒருவரின் மகன். ரியாசான் நகரின் இறையியற் பள்ளியில் பயின்று, அப்படிப்பை முடிக்காமலே 1870இல் புனித பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்கு இயற்கை அறிவியல் பயிலச் சென்றவர் என்பது இவ்விதழின் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாயிருக்கும். அவருக்கு 1904இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது செரிமானம் பற்றிய ஆய்வே. ஆக்கநிலையுறுத்த ஆய்வு அதிலிருந்து கிளைத்தது. உணவைக் கண்ட நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவது இயற்கை. உணவுக்குச் சற்று முன்பாக ஒரு தாளக் கருவியின் ஒலியைப் பலமுறை கேட்கச் செய்தால், நாளடைவில் ஒலி மட்டுமே உமிழ்நீரை வரவழைக்கும். இவ்வளவும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த எவரும் அறிந்ததே.

பலர் கருத்தூன்றிப் படிக்காமல் விட்டுவிடுவது அடுத்த பகுதியை. ஒலியை எழுப்பி, உணவைக் கொடாமல் விட்டால் உமிழ்நீர் ஒவ்வொரு முறையும் குறைந்து, இறுதியில் முற்றிலும் நின்றுவிடும். இதுவே மறைதல். நாய் ஒலிக்கும் உணவுக்கும் இருந்த தொடர்பை மறந்துவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த நாயைச் சில மணி நேரம் ஓய்வாக விட்டுவிட்டு, மீண்டும் ஒலியைக் கேட்கச் செய்தார் பாவ்லவ். யாதொரு புதிய பயிற்சியும் இன்றி உமிழ்நீர் மீண்டும் சுரந்தது. முன்னளவு இல்லை, எனினும் சுரந்தது. இதனைத் தானாக மீளல் என்பர். துலங்கல் நின்றுபோயிருந்த வேளையில் எதிர்பாராத வேறோர் ஓசை குறுக்கிட்டாலும் அது திரும்பியது. ஆகவே பழைய தொடர்பு உள்ளே இருக்கிறது, அதன்மேல் ஒரு தடை எழுந்துள்ளது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். கிணறு தூர்ந்துவிடவில்லை, மூடி போடப்பட்டிருந்தது.

1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரில் ஏற்பட்ட பெருவெள்ளத்தின்போது, பாவ்லவின் நாய்கள் கூண்டுகளுக்குள் நீரில் தத்தளித்தன. பணியாளர்கள் பெரும்பாடுபட்டு அவற்றை மீட்டனர். பின்னர்ச் சோதித்தபோது, நன்கு நிலைபெற்றிருந்த பழைய துலங்கல்கள் சில நாய்களிடம் சிதைந்து போயிருந்தன. நீண்ட காலத்திற்குப் பின் அவை தேறின. தேறிய பிறகு, அறைக் கதவின் அடியில் நீர் சிறிது கசிந்து வரும்படி செய்து பார்த்தார்கள். அவ்வளவே போதுமானதாயிற்று, நாயின் கலக்கம் திரும்பிவிட்டது. வெள்ளத்திலோ புயலிலோ சிக்கிப் பிழைத்தவர்களிடையே பணியாற்றியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நினைவைப் பற்றிய ஆய்வு இதே முடிவை வேறொரு வழியாக நெருங்குகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நூலுக்காகத் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, குறித்த இடைவெளிக்குப் பின் அதே வரிசைகளை மீண்டும் மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் குறைந்தது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திற்குப் பின் ஏறத்தாழ 44 விழுக்காடு உழைப்பு மிச்சமாயிற்று. ஒரு நாளுக்குப் பின் 34 விழுக்காடு. 31 நாட்களுக்குப் பின்னும் 21 விழுக்காடு. ‘ஒரு மாதத்தில் நூற்றுக்கு 79 பங்கு மறந்துபோகிறது’ என்று இதை எடுத்தாள்வோர் உளர். அது தவறான வாசிப்பு. எபிங்ஹவுஸ் அளந்தது ஒருவர் எவ்வளவு ஒப்பிக்க முடிகிறது என்பதை அன்று. மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதை. ஓர் அசையும் நாவில் வராத நிலையிலும் மிச்சம் இருக்கக்கூடும்.

இதற்கு மிகவும் வியப்பான சான்று அமெரிக்க உளவியலறிஞர் ஹரால்டு பர்ட் தம் மகனிடம் செய்த சோதனை. 15 மாதக் குழந்தையாயிருந்த மகனுக்கு, சொஃபோக்ளீஸின் நாடகத்திலிருந்து கிரேக்க மூலப் பகுதிகளை நாள்தோறும் படித்துக் காட்டத் தொடங்கி, மூன்று வயதுவரை தொடர்ந்தார். குழந்தைக்குக் கிரேக்கம் தெரியாது. தாய்மொழியே அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அச்சிறுவனுக்கு எட்டரை வயதானபோது, அப்பகுதிகளையும் அவன் என்றுமே கேட்டிராத வேறு பகுதிகளையும் மனப்பாடம் செய்யச் சொன்னார். புதியவற்றுக்குச் சராசரியாக 435 முறை தேவைப்பட்டது. குழந்தையாகக் கேட்டவற்றுக்கு 317 முறை போதுமானதாயிற்று. கிரேக்க வினைத்திரிபுகளோடு போராடும் இறையியல் மாணவர் எவரும் அந்தப் பிள்ளைமேல் சற்றுப் பொறாமை கொள்வர். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 14 வயதில் சோதித்தபோது மிச்சம் 8 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. 18 வயதில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆதலால் கற்ற யாவும் என்றென்றும் நிற்கும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. வெளியே தெரியாதது எல்லாம் உள்ளேயும் இல்லை என்று சொல்லவும் உரிமை இல்லை.

இனி, நமது கேள்வியின் மையத்துக்கு வருவோம். 1970களின் பிற்பகுதி முதல் அமெரிக்காவில் மார்க் பௌட்டன் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் எலிகளைக்கொண்டு பல சோதனைகள் நடத்தினர். ஒரு கூண்டில் ஓர் ஒலியைத் தொடர்ந்து மின்னதிர்ச்சி தரப்பட்டது. எலி ஒலிக்கு அஞ்சக் கற்றது. பின்பு வேறொரு கூண்டில் அதே ஒலி அதிர்ச்சியின்றித் தரப்பட்டது, அச்சம் மறைந்தது. அதன்பின் எலியை முதற் கூண்டுக்குக் கொண்டுசென்று ஒலியைக் கேட்கச் செய்தபோது அச்சம் மீண்டது. முதற் கூண்டிலேதான் தீங்கு நேர்ந்தது, ஆகவே அங்கு அஞ்சுவது இயல்பு எனலாம். ஆனால் எலி முன்பின் கண்டிராத மூன்றாவது கூண்டிலும் அச்சம் தலைகாட்டிற்று. இங்கேதான் ஊன்றிக் கவனிக்கவேண்டிய வேறுபாடு உள்ளது. அஞ்சக் கற்றது எல்லா இடங்களுக்கும் எளிதில் உடன்வருகிறது. அஞ்சவேண்டுவதில்லை என்று கற்றதோ, கற்ற இடத்தோடு பெரிதும் பிணைந்து நிற்கிறது. பிந்தைய பாடம் முந்தையதை அழிக்கவில்லை. அதன் அருகே எழுதப்பட்டது, அதுவும் ‘இவ்விடத்தில் மட்டும்’ என்ற குறிப்போடு எழுதப்பட்டது.

மூளை ஆராய்ச்சியும் இதற்கு இசைவாகவே உள்ளது. அச்சத் தொடர்புகள் உருவாவதில் மூளையின் உட்புறத்தே உள்ள அமிக்டலா என்னும் பகுதி முக்கிய இடம் பெறுகிறது. அச்சம் தணிந்ததை நினைவில் வைத்து அதை அடக்குவதில் நெற்றிப்புறத்து மூளையின் ஒரு பகுதி பங்கேற்கிறது. எந்த இடத்தில் எந்தப் பாடம் செல்லும் என்று அறிவதற்கு ஹிப்போகாம்பஸ் துணைசெய்கிறது.

மேலே குறிப்பிட்ட குடிப்பழக்கமுள்ளவரை இப்போது நினைத்துப் பார்க்கலாம். அவர் ஊரைவிட்டு வெகுதூரத்தில் உள்ள ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சில வாரங்கள் தங்குகிறார். அங்குப் பழைய நண்பர் இல்லை, மாலையில் வேலைவிட்டுத் திரும்பும் பாதை இல்லை, சம்பள நாள் இல்லை, அந்தக் கடையின் மணம் இல்லை. வேட்கை தணிகிறது. அது நடிப்பன்று. ஆனால் அந்தத் தணிவு அவ்வில்லத்தின் சுவர்களுக்குள் கற்ற பாடம். அவர் பேருந்திலிருந்து தம் ஊரில் இறங்கும்போது முதற் கூண்டுக்குத் திரும்புகிறார்.

இதன் மறுபக்கத்தை வியத்நாம் போர் காட்டிற்று. அங்குப் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரரில் பலர் ஹெராயினுக்கு அடிமையாயினர். அவர்கள் நாடு திரும்பியதும் பேரிடர் விளையும் என அரசு அஞ்சியது. 1971இல் திரும்பியோரைத் தொடர்ந்து ஆராய்ந்த லீ ராபின்ஸ் அம்மையார், வியத்நாமில் அடிமைப்பட்டிருந்தோருள் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் 5 விழுக்காடு அளவினரே எனக் கண்டார். பலரும் இதை நம்ப மறுத்தனர். இந்நிலைக்குக் காரணங்கள் பல. வயது, விலை, போர்ச்சூழலின் நெருக்கடி நீங்கியமை ஆகிய எல்லாம் உண்டு. எனினும் பழக்கம் பிறந்த இடத்துக்கு அவர்கள் திரும்பிச் செல்லவில்லை என்பதும் அவற்றுள் ஒன்று. நம் ஊராருக்கு அவ்வாய்ப்பு வாய்ப்பதில்லை. இருப்பது ஒரே ஊர்.

அறிவுரை கூறும் பணியிலுள்ளோர் இதிலிருந்து செய்யத்தக்கவை சில உண்டு. ஊர் திரும்பும் முதல் வாரத்தைத் தனியே விட்டுவிடாமல், எந்தத் தெரு, எந்த நாள், எவருடைய வருகை என்பவற்றை முன்கூட்டியே அவரோடு அமர்ந்து பேசலாம். மறுத்துப் பழகுவதை அவ்விடங்களிலேயே, துணையோடு, பலமுறை பழகச் செய்யலாம். வீட்டாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். எப்போதும் கிடைக்கும் பரிசைவிட, எப்போதாவது கிடைக்கும் பரிசு உண்டாக்கும் பழக்கமே மறைவதற்கு அதிகக் காலம் பிடிக்கும் என்பது கற்றல் உளவியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாம் முறை அழுகைக்கு இரங்கிப் பணம் கொடுக்கும் தாய், அப்பத்தாம் முறைக்காக விடாது காத்திருக்கவே மகனுக்குக் கற்பிக்கிறாள்.

இத்துறையில் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட சிறு கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு பச்சிளங் குழந்தைக்கு வெள்ளெலியைக் கண்டு அஞ்சக் கற்பித்து, அந்த அச்சத்தைப் போக்காமலே அனுப்பிவிட்டனர். எந்த நோக்கில் பார்த்தாலும் அது கொடுமையே. ஜோன்ஸ் எதிர்த்திசையில் சென்றார். பீட்டர் என்று அவர் பெயரிட்டழைக்கும் சிறுவனுக்கு வயது மூன்றுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகளோடு அவனை விளையாடவிட்டு அவர் அச்சத்தைச் சிறிது சிறிதாகத் தணித்தார். அவன் நன்கு தேறிவந்த வேளையில் காய்ச்சல் கண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். அங்கிருந்து திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் அவன்மீது பாய்ந்தது. உடனிருந்த செவிலியும் நடுங்கிப் போனார். மறுபடி முயலைக் காட்டியபோது அச்சம் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. ஜோன்ஸ் அவனைக் குறைகூறவில்லை. தம் முறை பொய்த்தது என்று கைவிடவும் இல்லை. அவனுக்குப் பிடித்த உணவை அவன் உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சற்றே அருகில் கொணர்ந்தார். இறுதியில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். அது தன் விரல்களைக் கடிப்பதையும் பொறுத்துக்கொண்டான். அதன்பின் அவன் இன்னல் நிறைந்த தன் வீட்டுச் சூழலுக்கே திரும்பினான் என்றும், தாங்கள் அவனோடு தொடர்பை விடாமல் வைத்திருப்பதாகவும் ஜோன்ஸ் அக்கட்டுரையில் குறிப்பிடுகிறார்.