மலைக்காடும் மக்கள் வாழ்வும்: மானிடவியலார் ஆராயும் முறை

பங்குனி மாதத்தில் வடகிழக்கு இந்தியாவின் மலைப்பிரதேசங்களில் பயணம் செய்வோர், சரிவுகளில் கருகிய அடிமரங்களையும் சாம்பல் படிந்த நிலத்தையும் காண்பர். காட்டை வெட்டி, உலர்த்தித் தீயிட்டு, ஓரிரு ஆண்டுகள் பயிர்செய்து, பின்னர் அந்நிலத்தைத் தரிசாக விட்டு வேறிடம் செல்லும் இம்முறை அங்கு ஜூம் எனப்படுகிறது. இது காட்டை அழிக்கும் அறியாமை எனப் பலர் கூறுவதுண்டு. ஒரு பருவத்தில் கண்ட காட்சியைக் கொண்டு அவ்வாறு முடிவு கட்டுவது தகுமா என்பதே ஆராயத்தக்கது.

மக்களின் வாழ்க்கைமுறைக்கும் இயற்கைச் சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறை பண்பாட்டுச் சூழலியல் எனப்படும். அமெரிக்க மானிடவியலார் ஜூலியன் ஸ்டூவர்ட், 1955-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு மூன்று படிகளை வகுத்தார். மக்கள் கையாளும் கருவிகளுக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பைக் காணல் முதற்படி. அக்கருவிகளைக் கொண்டு அவர்கள் எவ்வாறு கூடி உழைக்கின்றனர் என அறிதல் இரண்டாம் படி. அவ்வுழைப்பு முறை, சமுதாய வாழ்வின் பிற பகுதிகளை எவ்வளவு பாதிக்கிறது என ஆராய்தல் மூன்றாம் படி. சூழல் ஒன்றே பண்பாட்டை உருவாக்கிவிடும் என்பது அவருடைய கொள்கையன்று.

களத்தில் நெடுங்காலம் தங்கிச் செய்யும் ஆராய்ச்சியின் பயனை, ஹரால்ட் காங்க்லின் பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டோரோ தீவில் நடத்திய ஆய்வு நன்கு விளக்கும். ஹனுனூ மக்களின் பயிர்த்தொழில் பற்றிய அவருடைய அறிக்கையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1957-இல் வெளியிட்டது. அவர் அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய பயிர்வேலைகளை ஆண்டு முழுவதும் கவனித்தார். அவர்கள் 1,600-க்கு மேற்பட்ட தாவர வகைகளைப் பெயரிட்டு அறிந்திருந்தனர். ஒரே புனத்தில் நாற்பது வகைப் பயிர்கள் வரை கலந்து வளர்த்தனர். தீயிடுமுன் புனத்தைச் சுற்றிச் சருகுகளை அகற்றி, தீ அப்பால் பரவாதவாறு தடுத்தனர். தொலைவில் நின்று பார்ப்பவருக்கு இவை புலப்படா.

இந்தியாவில் எல். பி. வித்யார்த்தி, இன்றைய ஜார்க்கண்டிலுள்ள ராஜமகால் குன்றுகளில் வாழும் மாலர் மக்களைப் பற்றி 1963-இல் நூல் வெளியிட்டார். இயற்கை, மனிதர், தெய்வங்கள் ஆகிய மூன்றையும் பிரிக்கவியலாத ஒரே தொகுதியாகக் கொண்டு அவர் ஆராய்ந்தார். பயிர்த்தொழிலை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற முயல்வோர் மனத்திற் கொள்ள வேண்டிய கருத்து இது.

எனினும், பழைய முறை எக்காலத்தும் கேடற்றது எனக் கொள்ளுதலும் தவறாகும். நிலம் தரிசாகக் கிடக்கும் காலமே இம்முறையின் உயிர்நாடி. வடகிழக்கு மலைகளில் பி. எஸ். ராமகிருஷ்ணன் முதலிய சூழலியலார் நடத்திய ஆய்வுகளின்படி, அவ்விடைவெளி ஏறத்தாழ பத்தாண்டாக இருப்பின் மண்வளம் ஓரளவு மீளும். ஐந்தாண்டுக்குக் குறைந்தால் வளம் குன்றும். ஜனத்தொகை பெருகுவதாலும் பயிரிடக் கிடைக்கும் நிலம் சுருங்குவதாலும் இடைவெளி குறைகிறது. நாகாலாந்தின் கோனோமா கிராமத்தாரோ, ஆல்டர் மரங்களை வேரோடு களையாது, மேற்பகுதியை மட்டும் வெட்டி அடிமரத்தை விட்டுவைக்கின்றனர். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தி மண்ணை வளப்படுத்துகின்றன.

ஆகவே, களப்பணியாளர் ஒரு கிராமத்திற்கு ஆலோசனை கூறுமுன் சில செய்திகளைக் குறித்துக்கொள்ளுதல் நலம். எந்த நிலம் எத்தனை ஆண்டு தரிசாகக் கிடந்தது? முன்னர் எத்தனை ஆண்டு கிடந்தது? நிலத்தைப் பங்கிடுபவர் யார்? எந்த வேலையை ஆடவர் செய்கின்றனர், எதனைப் பெண்டிர் செய்கின்றனர்? விதைப்புக்கும் அறுவடைக்கும் உரிய சடங்குகள் யாவை? ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு தம் ஊரின் பயிர்களையும் மரங்களையும் உள்ளூர்ப் பெயர்களுடன் பட்டியலிடச் செய்யலாம். குறை மக்களின் வழக்கத்தில் உள்ளதா, சுருங்கிவிட்ட தரிசுக் காலத்தில் உள்ளதா என்பது இக்குறிப்புகளால் தெளிவாகும். அத்தெளிவின்றிக் கூறப்படும் யோசனை, காட்டையும் காக்காது, மக்களையும் காக்காது.